எந்தச் சேவையை முதலில் அளப்பது? கடலூர் மாவட்டத்தை வைத்து ஒரு விவாதம்

நெல்லிக்குப்பம் வாசகரின் கேள்வி, 2.8.2025

ஜூலை 15 அன்று சிதம்பரத்தில் அரசுத் துறைகள் ஊருக்கே வந்து மனு வாங்கும் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின. நகரத்தில் 13 துறைகளின் 43 சேவைகள், கிராமத்தில் 15 துறைகளின் 46 சேவைகள். இவற்றால் ஜனங்களுக்கு உண்மையில் என்ன நடந்தது என்று யாராவது மதிப்பிட வேண்டாமா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க முடியாது என்பது புரிகிறது. அப்படியானால் எதற்கு அதிகம் பேர் வருகிறார்களோ, எதற்கு அதிகம் பணம் போகிறதோ, அதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

3.8.2025, காலை

யோசிக்க நிறைய இருக்கிறது. கூட்டத்தையும் செலவையும் மட்டும் பார்த்து வரிசை போட்டால் தப்பான இடத்தில் போய் நிற்போம்.

புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் இந்த மாவட்டத்து வட்டாரங்களில்தான் இருந்தேன். மேலிருந்து வரும் கடிதங்கள் 'எத்தனை' என்றுதான் கேட்கும். எத்தனை மனு, எத்தனை பயனாளி, எத்தனை மூட்டை. 'அதனால் என்ன ஆச்சு' என்று கேட்ட கடிதம் அபூர்வம்.

முதியோர் உதவித்தொகை மனு ஒன்றைத் தள்ளுபடி செய்தாலும் அது முடிக்கப்பட்ட மனுதான். மேசையை விட்டு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பாட்டி அடுத்த மாதம் மருந்தை வாங்கினாரா, பாதியாகக் குறைத்துக்கொண்டாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மனு எண்ணிக்கை அலுவலகம் செய்த வேலையின் அளவு. பாட்டியின் மருந்துதான் தாக்கம்.

எந்தச் சேவையை முதலில் எடுப்பது என்று கேட்டால், நான் வைக்கும் முதல் கேள்வி இதுதான்: மதிப்பீட்டின் முடிவு மோசமாக வந்தால் யார், எதை மாற்றுவார்கள்? இதற்குப் பதில் இல்லை என்றால் அந்தச் சேவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கொஞ்ச நாள் காத்திருக்கலாம்.

மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் வந்தது. ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. கடலூர் பேருந்து நிலையத்தில் காலை ஏழரை மணிக்கு நிற்பவர்களுக்கு அந்த ஆய்வுகூடத் தேவையில்லை. இதை நிறுத்தலாமா என்ற கேள்வி இன்று யார் மேசையிலும் இல்லை. எந்தத் தடத்தில் எந்த நேரத்துக்கு வண்டி போதவில்லை என்ற கேள்வி இருக்கிறது, அது முக்கியமான கேள்வியும்கூட. ஆனால் அதற்கு டெப்போவின் வசூல் தாளும் நடத்துநரிடம் பேசுகிற பொறுமையும் போதும்.

3.8.2025, இரவு

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். புகார் அதிகம் வருகிற சேவைதான் மோசமான சேவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புகார் சொல்லத் தெம்பும் நேரமும் உள்ளவர்கள் பயன்படுத்துகிற சேவைக்குத்தான் புகார் அதிகம் வரும். மஞ்சக்குப்பத்தில் தெருவிளக்கு இரண்டு நாள் எரியாவிட்டால் ஊருக்கே தெரியும். ஓர் இருளர் குடியிருப்பில் சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையின் படிப்பு நின்றுபோனால் யாருக்கும் தெரியாது.

6.8.2025

புவனகிரியிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார்: கல்வியையும் அங்கன்வாடியையும் விட்டுவிட்டு எதைப் பேசினாலும் வீண் என்கிறார். அவருடைய ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த இரண்டில்தான் நம் மாநிலத்தில் ஏற்கெனவே நல்ல விடைகள் கிடைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடி மையங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. சில மையங்களில் மட்டும் பகுதிநேரமாகக் கூடுதலாக ஒரு பணியாளரைப் போட்டார்கள். எந்த மையம் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் ஆள் வந்த மையங்களில் பாடம் சொல்லித்தரும் நேரம் இரு மடங்கானது. பிள்ளைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின. பழைய பணியாளருக்குக் கை கொஞ்சம் ஓய்ந்ததால் சத்துணவு வேலையும் நன்றாக நடந்து, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு குறைந்தது.

தன்னார்வலர்கள் மாலையில் வகுப்பு எடுக்கும் 'இல்லம் தேடிக் கல்வி' நமக்குப் பக்கத்து ஊர்த் திட்டம். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளை கொரோனாவுக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது, அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்று கண்டார்கள்.

ஆக, 'அங்கன்வாடிக்கு இன்னொரு ஆள் தேவையா' என்று கடலூரில் புதிதாக ஆராய வேண்டியதில்லை. விடை தெரிந்த கேள்விக்கு மறுபடி காசு செலவழிப்பதைவிட அந்த ஆளைப் போடுவது நல்லது. ஆசிரியரே, நீங்கள் மனு கொடுக்க வேண்டிய இடம் ஆய்வு செய்பவர்களிடம் இல்லை, நிதி ஒதுக்குபவர்களிடம்.

9.8.2025

இரண்டு நாளாக யோசித்ததில், என் முதல் கேள்வி மட்டும் போதாது என்று படுகிறது. இரண்டாவதாக ஒன்று வேண்டும்: இந்தச் சேவை யாரை விட்டுவிடுகிறது, அவர்களைப் பற்றி அலுவலகத்தில் ஏதாவது தடயம் இருக்கிறதா?

இதற்குப் புதுச்சேரியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தென்பெண்ணையைத் தாண்டினால் பாகூர், அங்கே வேறு நிர்வாகம், வேறு ரேஷன். 2015 செப்டம்பரிலிருந்து சண்டிகர், புதுச்சேரி, தாத்ரா நகர் ஹவேலி என்ற மூன்று யூனியன் பிரதேசங்களில் ரேஷன் தானியத்துக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது எப்படி நடக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்கும் வேலையைக் கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் ஆய்வுக் குழுவோடு சேர்ந்து செய்தார்கள்.

அரசுப் பதிவில் பணம் போய்ச் சேராதவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வீட்டில் கேட்டால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் 'வரவில்லை' என்றார். யாரும் பொய் சொல்லவில்லை. பணம் ஏதோ ஒரு கணக்கில் விழுந்திருக்கும். அந்த அம்மாவுக்கு இரண்டு கணக்கு இருக்கும், ஒன்று நூறு நாள் வேலைக்குத் திறந்தது, இன்னொன்று மகளிர் குழுவுக்கு. எதில் விழுந்தது என்று தெரியாது. பாஸ்புத்தகத்தில் பதிவு போட வங்கிக்குப் போனால் அரை நாள் கூலி போய்விடும். கணினியைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அவரைப் பொறுத்தவரை அரிசியும் இல்லை, காசும் இல்லை.

கணக்கில் 99, வாசலில் 80. இப்படிப்பட்ட இடைவெளி எங்கே இருக்கக்கூடும் என்று சந்தேகம் வருகிறதோ அந்தச் சேவையைத்தான் வரிசையில் மேலே ஏற்ற வேண்டும். இலவசப் பேருந்தில் இந்த இடைவெளி பெரிதாக இருக்க வாய்ப்பில்லை. ஏறியவர் ஏறியவர்தான். வங்கிக் கணக்கு, கைபேசி, ஆதார், இடையில் ஒரு கணினி என்று கைமாறிப் போகும் சேவைகளில் இருக்கும்.

10.8.2025

'அப்படியானால் பணமாகக் கொடுப்பது தோல்வி என்று புதுச்சேரியில் நிரூபணமாகிவிட்டது' என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. அந்த ஆய்வு பார்த்தது பணம் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதை. பணம் கிடைத்த வீட்டில் பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்களா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கே விடை தெரியாதபோது இரண்டாவதற்குப் போக வேண்டாம் என்பேன். புதுச்சேரியில் 2024 அக்டோபரில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்து அரிசி கொடுக்க ஆரம்பித்தார்கள். அரசியல் காரணம், மக்கள் கேட்டது எல்லாம் சேர்ந்து நடந்த முடிவு அது.

கடலூர்க்காரர்கள் பாகூரில் உள்ள சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டையும் அனுபவித்தவர்கள் அவர்கள்.

16.8.2025

பக்கத்து ஊரில் நடந்த முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன். எந்த ஊர் என்று சொல்லவில்லை, அங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் நன்றாகவே வேலை செய்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் நடந்தது. மகளிர் உரிமைத் தொகை மேசையில்தான் கூட்டம். பக்கத்தில் வருவாய்த் துறை. வரிசையில் ஒரு வயதான அம்மா, மடியில் ரேஷன் கார்டைச் சுருட்டி வைத்திருந்தார். பதிவு செய்கிற பெண் 'போன் நம்பர் சொல்லுங்க பாட்டி' என்றாள். பாட்டி திரும்பி, பின்னால் நின்ற பையனைப் பார்த்தார். அவன் பாட்டிக்கு உறவு இல்லை, அதே தெரு. அவனே தன் எண்ணைச் சொன்னான். பதிவாயிற்று, ரசீது வந்தது. குறுஞ்செய்தி அவன் கைபேசியில் 'டிங்' என்றது. அவன் அடுத்த வாரம் திருப்பூருக்குப் போகிறவன்.

45 நாளில் தீர்வு என்று அறிவித்திருக்கிறார்கள். அந்தத் தீர்வு திருப்பூருக்குப் போகும். நாளைக்கு 'உங்கள் மனு திருப்திகரமாக முடிக்கப்பட்டதா, ஆம் என்றால் 1-ஐ அழுத்தவும்' என்று ஒரு குரல் அழைப்பு வந்தால் அதுவும் திருப்பூருக்கே போகும். பாட்டியைக் கேட்காமலே பாட்டியின் திருப்தி பதிவாகிவிடும்.

கைபேசியில் கேட்டு மதிப்பிடலாம், செலவு குறைவு என்று இந்த இழையில் இரண்டு பேர் யோசனை சொன்னீர்கள். யாருடைய எண் என்று தெரியாமல் அதைச் செய்யக் கூடாது. ஊரில் இருபது வீட்டுக்கு நடந்து போனாலே எத்தனை எண்கள் சொந்த எண்கள் என்று பிடிபட்டுவிடும். அதைத் தெரிந்துகொண்டு அப்புறம் போனைக் கையில் எடுக்கட்டும்.

19.8.2025

பண்ருட்டி நண்பர் கேட்கிறார்: 'சில மையத்துக்கு ஆளைக் கொடுத்து, சில மையத்துக்குக் கொடுக்காமல் விட்டு ஒப்பிடுவது பாவமில்லையா? ஏழைப் பிள்ளைகளை வைத்துப் பரிசோதனையா?'

நேர்மையான கேள்வி, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுக்கப் பணமும் ஆளும் இருந்து, வேண்டுமென்றே பாதிப் பேருக்கு நிறுத்திவைத்தால் அது பாவம்தான். நடப்பில் அப்படி இருப்பதில்லை. முதல் ஆண்டில் சில ஊர், அடுத்த ஆண்டில் சில ஊர் என்றுதான் எந்தத் திட்டமும் வருகிறது. யார் முதல் ஆண்டு என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? பரிந்துரைக் கடிதம் வைத்திருப்பவர், சாலை ஓரத்து ஊர், அமைச்சர் வரும்போது காட்ட வசதியான பள்ளி. இதற்குக் குலுக்கல் ஆயிரம் மடங்கு நியாயம். உத்திரமேரூரில் குடவோலை போட்டவர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது. மெக்சிகோவில் 1997-ல் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை 506 கிராமங்களில் இப்படித்தான் பார்த்தார்கள். 320 கிராமங்களுக்கு முதலில், மீதி 186 கிராமங்களுக்குப் பிறகு. கடைசியில் எல்லோருக்கும் கிடைத்தது. ஆட்சி மாறியும் அந்தத் திட்டம் தப்பிப் பிழைத்ததற்கு, கையில் இருந்த அந்த ஒப்பீடு ஒரு முக்கியக் காரணம்.

குலுக்கல் ஏன் வேண்டும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, வயலில் நின்று தெரிந்துகொண்டேன். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. ஊருக்கு நெல் எவ்வளவு விளைந்தது என்று கணக்குச் சொல்ல, எந்தப் புல எண், அதில் எந்த வயல் என்பதைச் சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எடுப்போம். வயலுக்குப் போனதும் தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும், விவசாயிகள் கன்னி மூலை என்பார்கள். அங்கிருந்து நீளவாக்கில் இத்தனை எட்டு, அகலவாக்கில் இத்தனை எட்டு என்று எண் சொல்லும். நடந்து போய் நிற்கிற இடத்தில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் போட்டு, அதற்குள் இருக்கும் கதிரை மட்டும் அறுத்து, அங்கேயே அடித்து எடை போட வேண்டும்.

முளைக்குச்சியை அடித்ததும் ஆரம்பிக்கும். 'சார், இந்த இடம் தண்ணி நின்ன இடம், ரெண்டு எட்டு தள்ளிப் போடுங்க' என்று ஒருவர். பயிர்க் காப்பீடு வந்த பிறகு நிலைமை இன்னும் சிக்கலானது. மகசூல் குறைவாக வந்தால் இழப்பீடு கிடைக்கும் என்பதால் விவசாயி பதர் விழுந்த பக்கம் பார்ப்பார். காப்பீட்டுக்காரர் பச்சையாக ஓங்கி நிற்கும் பக்கம் பார்ப்பார். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் கிடையாது, இரண்டு பேருக்கும் காரணம் உண்டு. குச்சியை நகர்த்தாமல் இருப்பதுதான் என் வேலை. நகர்த்தினால் அந்தக் கயிற்றுக்குள் விளைவது அந்த ஊரின் நெல் ஆகாது, யாரோ ஒருவரின் விருப்பம் ஆகிவிடும்.

சேவைகளை மதிப்பிட ஊர் தேர்ந்தெடுக்கும்போதும் இதே கதைதான். அலுவலகத்தில் கேட்டால் 'நல்லா நடக்கிற ஊரைப் போய்ப் பாருங்க' என்பார்கள். எதிர்க்கட்சிக்காரரைக் கேட்டால் நாறிப்போன ஊரைக் காட்டுவார். அட்டவணையிலிருந்து எண் எடுங்கள், அங்கே போய் நில்லுங்கள்.

21.8.2025

எப்போது அளப்பது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒட்டுக்கன்று வைத்தாலே மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும், நிறைவான மகசூலுக்கு இன்னும் பல ஆண்டுகள். பலா அதற்கும் மேல். கன்று கொடுத்த திட்டத்தை ஓராண்டில் போய்ப் பார்த்தால் வெறும் தரைதான் தெரியும், 'தாக்கம் இல்லை' என்று எழுதிவிட்டு வரலாம். நிவாரணப் பணத்தை ஓராண்டு கழித்துப் போய்க் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. வரிசை போடும்போது, எதற்கு நேரம் கனிந்திருக்கிறது, எதற்கு நேரம் தப்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

27.8.2025

நேற்று காலை உணவுத் திட்டம் நகரப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்திருக்கிறது. 2,429 பள்ளிகள். மகிழ்ச்சி. காலையில் ரொட்டியும் டீயுமாகப் பள்ளிக்கு வந்து பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வருத்தம். 2022 செப்டம்பர் 15 மதுரையில் 1,545 பள்ளிகளோடு தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகள். நேற்று நகரம். இப்படிப் படிப்படியாக வருகிற ஒவ்வொரு இடைவெளியும், சோறு வந்த பள்ளியையும் இன்னும் வராத பள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைக்கிற காலம். யாருக்கும் எதையும் மறுக்காமலே கிடைக்கிற ஒப்பீடு. இந்தத் திட்டத்தில் அந்தக் கதவு இப்போது ஏறக்குறைய மூடிவிட்டது.

மாநில அரசில் இதற்கென்றே மதிப்பீடு மற்றும் செயல்முறை ஆராய்ச்சித் துறை என ஒரு துறை இருக்கிறது. அடுத்த முறை 'முதல் கட்டமாக' என்ற சொல் எந்த அரசாணையில் வந்தாலும், அந்தச் சேவையை மதிப்பீட்டு வரிசையில் முதலிடத்தில் போட வேண்டும். எடை, உயரம், வருகைப் பதிவேடு ஆகியவற்றைத் திட்டம் தொடங்கும் முன்பே ஒரு முறை எடுத்து வைத்துக்கொள்வதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் அந்த முதல் அளவு திரும்பக் கிடைக்காது.

5.9.2025

சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. அவர் கேட்பது: 'நாங்கள் எந்தக் கவுண்டருக்கும் போவதில்லை. எங்களுக்கு வேண்டிய சேவை, காற்றை யாராவது ஒழுங்காக அளப்பது. அது உங்கள் 46-ல் இருக்கிறதா?'

இல்லை. அதுதான் இந்த வாதம் முழுவதிலும் விடுபட்டுப்போன பக்கம். நாம் இதுவரை பேசியது மனு கொடுத்துப் பெறுகிற சேவைகளை. ஆலைப் புகையைக் கண்காணிப்பது, ஏரிக்கரையைப் பலப்படுத்துவது, வெள்ளம் வருமுன் சொல்வது ஆகியவற்றுக்கு மனுதாரர் கிடையாது, வரிசை கிடையாது, ரசீது கிடையாது. ஆள் எண்ணிக்கையை வைத்து வரிசை போட்டால் இவை பட்டியலிலேயே ஏறாது. 2004-ல் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் தாங்களே வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில் எந்த நாற்றம் வந்தது என்று நோட்டில் எழுதி வைத்தார்கள். அலுவலகத்தின் கண்காணிப்பு ஒழுங்காக நடக்கிறதா என்பதற்கு அதைவிட நல்ல மதிப்பீடு என்ன இருக்க முடியும்?

அதே 2004 டிசம்பர் 26. கடலூர் மாவட்டத்தில் சுனாமியில் 600-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். தேவனாம்பட்டினமும் சோனாங்குப்பமும் சிங்காரத்தோப்பும் இன்னும் அந்தத் தேதியில் கடலைப் பார்த்து நிற்கின்றன. புதுச்சேரியில் நல்லவாடு என்ற மீனவர் ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. வழக்கமாக அலை உயரமும் மீன் விலையும் சொல்லிக்கொண்டிருந்த குழாய் அது. சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் போன் செய்து எச்சரித்தார், குழாயில் அறிவித்தார்கள், ஜனங்கள் ஓடித் தப்பித்தார்கள்.

2004 நவம்பரில் யாராவது அந்த மையத்தை மதிப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? 'தினசரி பயனாளர்கள் குறைவு' என்று எழுதியிருப்பார்கள்.

14.9.2025

முந்தைய குறிப்பைத் தொடர்கிறேன். எச்சரிக்கை என்கிற சேவையை நான் இப்போது வரிசையில் மேலே கொண்டுபோகிறேன். இந்த விவாதம் தொடங்கியபோது அது என் பட்டியலில் இல்லை. இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் இரண்டிலும் முதலில் வருகிறது. முடிவு மோசமாக வந்தால் மாற்றக்கூடியவர் இருக்கிறார், மாற்றுவதும் எளிது. விடுபட்டவர்களைப் பற்றித் தடயம் எதுவும் இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதோடு முடிந்தது என்று இருந்தோம். மழை உள்ளே போய்க் கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்தார்கள். அந்தத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக நம்மிடம்தான் வரவேண்டும். நாணமேடு, கண்டக்காடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி, தாழங்குடா எல்லாம் ஆற்றின் வாய்.

எச்சரிக்கை கொடுக்கப்பட்டதா என்று அப்போது பெரிய சண்டை நடந்தது. கொடுத்தோம் என்கிற பதிவு இருக்கும், அதை நான் சந்தேகிக்கவில்லை. நான் கேட்பது வேறு. ஆற்றங்கரையில் உள்ள ஒரு வீட்டுக்கு அந்தச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது, யார் சொன்னார்கள், அதைக் கேட்டு அவர்கள் மாட்டை அவிழ்த்தார்களா, ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் எடுத்து மேலே வைத்தார்களா, எங்கே போனார்கள்? தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்கும் செய்தி வந்ததற்கும் நடுவே எத்தனை மணி நேரம்? இந்த ஒரு எண்தான் அந்தச் சேவையின் தாக்கம். மற்றதெல்லாம் அலுவலகக் குறிப்பு.

இதற்கு வெளியிலிருந்து பெரிய ஆய்வாளர்கள் வர வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் எண் எடுத்து ஊருக்கு முப்பது நாற்பது வீடு போதும். மறதி ஏறிக்கொண்டே போகிறது, ஐப்பசி பிறந்தால் அடுத்த மழை. மழைக்கு முன் கேட்டாக வேண்டும்.

21.9.2025

நெல்லிக்குப்பம் வாசகர் திரும்ப வந்து, 'எல்லாம் சரி, வரிசையைச் சொல்லுங்கள்' என்கிறார். கையில் ஓர் ஆண்டும் கொஞ்சம் ஆட்களும் மட்டும் இருந்தால் நான் எடுப்பது இது.

முதலில் வெள்ள எச்சரிக்கை, காரணம் மேலே இருக்கிறது. அடுத்தது பட்டா மாறுதல், குறிப்பாக உட்பிரிவு செய்ய வேண்டியவை. கூட்டத்தில் அது மகளிர் தொகை அளவுக்கு வராது. ஆனால் பட்டா தன் பேரில் இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைப்பது கஷ்டம், காப்பீட்டில் சிக்கல், வெள்ள நிவாரணத்தில் சிக்கல். ஒரு கதவு அடைத்தால் நாலு கதவு அடைகிறது. விண்ணப்பித்த தேதி, சர்வேயர் அளந்த தேதி, உத்தரவு வந்த தேதி எல்லாம் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. எடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. காட்டுமன்னார்கோவிலில் எவ்வளவு நாள், வேப்பூரில் எவ்வளவு நாள் என்று பார்த்தாலே ஆள் பற்றாக்குறை எங்கே என்று தெரிந்துவிடும். அப்பா பேரில் பட்டா இருந்து, அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டு, பத்து வருடமாக ஒருவர் மட்டும் கடன் வாங்குகிற வீடுகள் எனக்கே பல தெரியும். அவர்களில் பட்டா கிடைத்தவர் வட்டிக்கு வாங்குவதை நிறுத்தினாரா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவதாக முகாமில் தள்ளுபடியான மனுக்கள். ஏற்றுக்கொண்டவை வேண்டாம், தள்ளுபடியானவை மட்டும். அதில் எத்தனை பேர் உண்மையிலேயே தகுதி இல்லாதவர்கள், எத்தனை பேர் ஒரு காகிதம் குறைந்ததால் போனவர்கள் என்று பிரித்தால் போதும்.

காலை உணவு, பேருந்து, ரேஷன் அரிசி மூன்றும் பெரியவை, அன்றாடம் கண்ணுக்குத் தெரிபவை. ஓர் ஆண்டு அவற்றை விட்டுவைக்கலாம்.

சிப்காட் காற்று? அதை இந்த வரிசைக்குள் எங்கே வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முடிவு மோசமாக வந்தால் மாற்றக்கூடியவர் யார் என்ற கேள்விக்கு அங்கே பதில் சிக்கலானது. ஆனால் பதில் சிக்கலாக இருக்கிறது என்பதற்காக மூச்சு விடுகிறவர்களைக் கடைசியில் நிறுத்துவதும் சரியில்லை. அந்த நண்பர் மேலும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

28.9.2025

ஒரு சின்ன விஷயம், ஆனால் நாளைக்கே செய்யக்கூடியது. விண்ணப்பத்தில் கைபேசி எண் கேட்கும் இடத்துக்குப் பக்கத்தில் 'இது யாருடைய எண்' என்று ஒரு கட்டம் போட வேண்டும். தன்னுடையது, மகனுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. அவ்வளவுதான். நவம்பர் 1 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர முடியுமா என்று எங்கள் ஊரில் பேசியிருக்கிறேன். உங்கள் ஊரிலும் பேசுங்கள்.

4.10.2025

எச்சரிக்கை பற்றிக் கேட்டு எழுத முன்வந்த நான்கு பேருக்கும்: கேள்வித்தாள் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. 'எச்சரிக்கை கிடைத்ததா' என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் கோபத்தில் 'இல்லை' என்பார்கள், பயத்தில் 'ஆமாம்' என்பார்கள். டிசம்பர் 1 ராத்திரி வீட்டில் யார் யார் இருந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எதனால் விழித்தீர்கள் என்று கேளுங்கள். மணி தெரியாதவர்களிடம் கரண்டு எப்போது போனது, அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். வயதானவர்களையும் தனியாக இருக்கும் பெண்களையும் அவர்கள் வீட்டு வாசலிலேயே கேளுங்கள், ஊர்த் தலைவர் வீட்டுத் திண்ணைக்கு வரச்சொல்ல வேண்டாம். பூட்டியிருக்கும் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது, சாயந்திரம் திரும்பிப் போங்கள். நாணமேட்டில் நான் கூட வருகிறேன்.